பழைய ஹேங் கிளைடர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது: பறக்கலாமா, பரணில் போடலாமா?

காத்தாடி77 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்பு ஆரோவில் பக்கம் ஒரு வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அங்கே கொட்டகை விட்டத்தில் பதினெட்டு அடி நீளத்தில் ஒரு நீலப் பை தொங்கியது. முதலில் சாமியானா கம்பு என்று நினைத்தேன். பிரித்துப் பார்த்தால் ஹேங் கிளைடர், அதாவது ஆள் கீழே தொங்கிக்கொண்டு, முக்கோணக் கம்பியைப் பிடித்து ஓட்டும் என்ஜின் இல்லாத சிறகு. ஒற்றைப் பரப்பு (சிறகில் ஒரே அடுக்குத் துணி), கிங்போஸ்ட் (சிறகுக்கு மேலே நடுவில் நிற்கும் கம்பம்) உள்ள பழைய மாதிரி. கூடவே ஒரு ஹார்னஸ் (ஆளைத் தொங்கவிடும் பட்டைக் கச்சை), ஒரு பாராசூட், ஓட்டை விழுந்த ஹெல்மெட். பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டேன்.

உரிமையாளர் ஒரு பிரெஞ்சுக்காரர், ஊர் திரும்பிப் பல வருடமாகிறது. வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: 90களின் கடைசியில் கொண்டுவந்தார், செஞ்சிப் பக்கம் இரண்டு மூன்று முறை எடுத்துப் போனார், அப்புறம் தொங்கவிட்டுவிட்டார்.

நான் ஏலகிரியில் பாராகிளைடரில், அதாவது குழாயில்லாத துணிச் சிறகில், ஓட்டுபவருக்கு முன்னால் உட்கார்ந்து ஒருமுறை போயிருக்கிறேன். தனியாகப் பறந்ததில்லை. துணி பார்வைக்கு நன்றாக இருக்கிறது, குழாய்கள் நேராக இருக்கின்றன. இதை மறுபடியும் பறக்கும் நிலைக்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்? எங்கே ஆரம்பிப்பது?

பாராகாரன் எழுதியது:

ஆரம்பிக்காதீர்கள். பதில் முடிந்தது :)

கோபித்துக்கொள்ள வேண்டாம். இருபத்தைந்து வருடத் துணி, நீங்களோ புதியவர், ஊரோ தட்டை. மூன்றில் ஒன்று இருந்தாலே யோசிக்க வேண்டும். பாராகிளைடர் கற்றுக்கொள்ளுங்கள், பைக்கில் முதுகில் மாட்டிக்கொண்டு போகலாம். இதைத் தூக்க ஒரு லாரி வேண்டும்.

தேவனாம்பட்டினத்தான் எழுதியது:

லாரி எதற்கு? குட்டி யானை போதும். பின்னால் பத்தடி நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் சிவப்புத் துணி கட்டிவிட்டால் போலீஸ்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். எங்கள் ஊரில் படகின் துடுப்பு, மூங்கில், பைபர் போட்டின் பாகம் எல்லாம் அப்படித்தான் போகிறது.

காத்தாடி தம்பி, பறப்பதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, பாயைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். என் தாத்தா கட்டுமரத்தில் பாய் விரித்தவர். பாயை வெயிலில் பார்க்காதே, வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார் என்பார். துணி எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே வெளிச்சம் வேறு மாதிரி வரும். உங்கள் துணியை அப்படிப் பார்த்தீர்களா?

காத்தாடி77 எழுதியது:

இன்று காலையில் மொட்டை மாடியில் பார்த்தேன் அண்ணே. முன்விளிம்புப் பக்கம் மட்டும் நிறம் வெளுத்திருக்கிறது, மற்ற இடம் சீராக இருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் கறுப்புப் புள்ளிகள், பூஞ்சையாக இருக்கும்.

பழம்பறவை எழுதியது:

இந்த உரையாடலை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் கடலூர், மஞ்சக்குப்பம். வேலை நிமித்தம் ஆஸ்திரேலியாவில் பதினோரு வருடம் இருந்தேன். சிட்னிக்குத் தெற்கே ஸ்டான்வெல் பார்க் என்று ஒரு ஊர், பால்ட் ஹில் என்ற குன்று கடலைப் பார்த்து நிற்கும். லாரன்ஸ் ஹார்கிரேவ் 1894ஆம் ஆண்டு நவம்பரில் அந்தக் கடற்கரையில்தான் நான்கு பெட்டிக் காத்தாடிகளைக் கோத்துத் தன்னைத்தானே பதினாறு அடி உயரம் தூக்கிக்கொண்டார். அங்கேதான் நான் கற்றுக்கொண்டேன். எட்டு வருடம் பறந்தேன், எல்லாமே பழைய கிளைடர்கள். புதிதாக வாங்க வசதி இல்லை. ஆகவே 'பழசு என்றாலே குப்பை' என்பதை ஏற்கமாட்டேன். ஆனால் கடலோரத்தில் பறந்தவன் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன்: கிளைடரின் வயது அது பிறந்த வருடத்தில் இல்லை. எத்தனை மணி நேரம் வெயில் பட்டது, எத்தனை முறை உப்பு பட்டது, அதற்கப்புறம் யார் என்ன செய்தார்கள், இவைதான் வயது. 1998இல் செய்து பையிலேயே தூங்கியது, 2015இல் செய்து தினமும் கடற்கரையில் காய்ந்ததைவிட இளையதாக இருக்கலாம்.

உங்களுடையது கடற்கரையிலிருந்து நாலைந்து கிலோமீட்டருக்குள் இருபது வருடம் கொட்டகையில் தொங்கியிருக்கிறது. எனக்குத் துணியைப் பற்றிக் கவலை குறைவு. குழாயின் உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கவலை.

முதலில் ஒரு கேள்வி. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் அடித்தபோது அந்தக் கொட்டகைக்குக் கூரை இருந்ததா?

காத்தாடி77 எழுதியது:

ஐயா, கேட்டுவிட்டு வந்தேன். கூரை போய்விட்டதாம். புதிதாகக் கீற்று வேய மூன்று மாதம் ஆனதாம். பை தார்பாலினால் மூடியிருந்தது என்கிறார்.

வெல்டர்_செம்மண்டலம் எழுதியது:

தம்பி பயப்படாதே. அலுமினியக் குழாய்தானே. ஜன்னல் பிரேம் போடுகிற கடையில் அதே சைஸ் பைப் கிடைக்கும், எங்கே அரித்திருக்கிறதோ அங்கே வெட்டிவிட்டு ஆர்கான் வெல்டிங் வைத்துத் தருகிறேன். சிப்காட் கம்பெனிகளுக்கு இருபது வருடமாக அலுமினிய வேலை செய்கிறேன். கூலி பேசிக்கொள்ளலாம்.

பழம்பறவை எழுதியது:

வெல்டர் அண்ணே, உங்கள் கைவேலையில் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் குழாயில் மட்டும் வெல்டிங் டார்ச் வைக்காதீர்கள்.

காரணம் உங்களுக்கே தெரியும், ஞாபகப்படுத்துகிறேன். கிளைடர் குழாய்கள் பெரும்பாலும் 6061 அல்லது 7075 கலவை. 6061 என்றால் டி6 பதத்தில் இருக்கும், அதாவது சூடாக்கிக் குளிர்வித்து அடுப்பில் பழுக்கவைத்த பலம். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய், பலம் கிட்டத்தட்டப் பாதிக்கு இறங்கிவிடும். 7075ஐ இந்த முறையில் வெல்டிங் வைக்கவே கூடாது. ஜன்னல் கடைப் பைப் 6063. பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் அதன் பலமே வேறு, சுவர்த் தடிமனும் வேறு. வளைந்த குழாயை நிமிர்த்துவதும் இதே கதைதான். வெளியே நேராகத் தெரியும், உள்ளே உலோகம் ஒருமுறை தோற்றுப்போயிருக்கும். ஹேங் கிளைடரில் குழாய் கெட்டால் மாற்ற வேண்டும், ஒட்டுப்போடக் கூடாது.

கிராஸ்பாரில் இது இன்னும் முக்கியம். கிராஸ்பார் என்பது இரண்டு சிறகையும் விரித்துப் பிடித்திருக்கும் குறுக்குக் குழாய். பறக்கும்போது சிறகுகள் அதை இரு பக்கத்திலிருந்தும் அமுக்கும், இழுக்காது. காலி டின்னை நேராக மிதித்தால் தாங்கும், பக்கத்தில் லேசாகக் குழி விழுந்திருந்தால் 'படக்' என்று மடங்கும் அல்லவா? நகக்கண் அளவு பள்ளம்கூட அதைத்தான் செய்யும்.

வெல்டர்_செம்மண்டலம் எழுதியது:

டின் கதை புரிந்தது. சரி, கையைக் கட்டிக்கொள்கிறேன். வேறு உதவி வேண்டுமானால் சொல்லுங்கள், என் ஷெட் நாற்பதடி நீளம். முழுசாக விரித்துப் பார்க்கலாம்.

பாராகாரன் எழுதியது:

பழம்பறவை ஐயா சொல்வதையெல்லாம் படித்த பிறகும் யாராவது இதில் ஏறுவார்களா? என் பாராகிளைடரில் குழாயே இல்லை. அரிப்பே கிடையாது.

பழம்பறவை எழுதியது:

உங்களுடையது மடங்கும், எங்களுடையது மடங்காது. எங்களுடையது துருப்பிடிக்கும், உங்களுடையது பிடிக்காது. இந்தச் சண்டையை ஸ்டான்வெல் பார்க்கில் பீர் குடித்துக்கொண்டே பதினோரு வருடம் போட்டிருக்கிறேன், முடிந்தபாடில்லை. இங்கே வேண்டாமே.

நெல்லித்தோப்பு_தையல் எழுதியது:

என் தம்பி இந்த இணைப்பை அனுப்பினான். நான் டார்பாலின், படகு மூடி, கடை முகப்புத் துணி எல்லாம் தைக்கிறேன். ஒரு சந்தேகம். துணி நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். நூலைப் பார்த்தீர்களா?

வெயில் முதலில் தின்பது நூலைத்தான். ரெஸ்டாரண்ட் முகப்பில் கட்டிய துணி ஐந்து வருடத்தில் என்னிடம் திரும்பி வரும், துணியில் ஒன்றுமே ஆகியிருக்காது, தையல் மட்டும் விரலால் இழுத்தால் பொடியாக வரும். மெல்லிய நூல் துணிக்கு மேலே புடைத்து நிற்கிறது, வெயிலும் உரசலும் அதன்மேல்தான். ஒரு சின்னக் கொக்கியைத் தையலுக்கு அடியில் விட்டு லேசாக இழுத்துப் பாருங்கள். நல்ல நூல் என்றால் கொக்கியோடு துணியும் எழும்பி வரும். செத்த நூல் 'டப்' என்று போகும், சத்தத்திலேயே தெரியும். மேல்பக்கம், முன்விளிம்பு, மடித்து வைத்த மடிப்பு, இந்த மூன்றிலும் பாருங்கள்.

பூஞ்சையை பிளீச்சிங் போட்டு எடுக்காதீர்கள். பாலியஸ்டர் துணி தாங்கலாம், ஆனால் அதில் ஏற்றிய பிசின் தாங்காமல் போகலாம்.

பழம்பறவை எழுதியது:

அக்கா, அருமை. பிரிட்டனில் இதற்கென்றே பெட்ஸோமீட்டர் என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். ஊசியைத் துணியில் செருகி ஸ்பிரிங் தராசால் இழுப்பார்கள், குறிப்பிட்ட எடைக்குக் கிழியக் கூடாது. தையலுக்குக் கொக்கி. நீங்கள் சொன்னதேதான்.

துணி உறுதியாக இருந்தாலும் இன்னொரு வேலை இருக்கிறது, அதை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் நானே எழுதுகிறேன். கிங்போஸ்ட் உச்சியிலிருந்து துணியின் பின்விளிம்புக்குச் சில கயிறுகள் போகும், லஃப் லைன் என்போம். பறக்கும்போது அவை தொளதொளவென்று தொங்கும். புதியவர்கள் 'இது எதற்கு, வேலையே செய்யவில்லையே' என்று கேட்பார்கள். மூக்கு ரொம்பவும் கீழே போகும்போதுதான் அவை விறைத்து, பின்விளிம்பை மேலே பிடித்து நிறுத்தி, மூக்கைத் தூக்கிக் கொடுக்கும். அவை நீளமாகிவிட்டாலோ, துணி சுருங்கி வடிவம் மாறிவிட்டாலோ அந்தக் காப்பு போய்விட்டது என்று அர்த்தம். கொந்தளிப்பில் கிளைடர் குட்டிக்கரணம் போட்டால் திரும்ப வராது. ஆகவே தயாரிப்பாளரின் கையேட்டில் போட்டிருக்கும் அளவோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட வேண்டும். கண்ணால் பார்த்து 'சரியாகத்தான் இருக்கிறது' என்று சொல்வதற்கு இதில் இடமே இல்லை.

பேட்டன்களையும் அப்படியே. அவை துணிக்குள் செருகும் வளைந்த அலுமினியக் குச்சிகள், சிறகின் வளைவே அவைதான். தரையில் இடது வலது இரண்டையும் ஜோடி ஜோடியாக ஒன்றின் மேல் ஒன்று வையுங்கள். ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் கிளைடர் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டே போகும், நீங்கள் மணிக்கணக்கில் மறுபக்கம் தொங்க வேண்டிவரும். எனக்கு இது நடந்திருக்கிறது. வலது தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது, காற்றைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

காத்தாடி77 எழுதியது:

அக்கா சொன்ன கொக்கி வேலையைச் செய்தேன். பதினெட்டு இடத்தில் இழுத்ததில் பதினாறு நன்றாக நின்றது. இரண்டு இடத்தில் நூல் போய்விட்டது, இரண்டுமே முன்விளிம்பு.

ஒயர்களில் வெளியே ஒன்றும் தெரியவில்லை. முக்கோணக் கம்பியிலிருந்து இரு சிறகுக்கும் போகும் பக்கத்து ஒயர் மேல் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறை இருக்கிறது. ஒயரை மட்டும் இங்கே மாற்றிக்கொள்ளலாமா? அஜந்தா சிக்னல் பக்கம் ஒரு கடையில் ஸ்டெயின்லெஸ் ஒயர் பார்த்தேன்.

பழம்பறவை எழுதியது:

உறை போட்ட ஒயர்தான் ஆபத்து. உப்பு உறைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும், வெளியே பளபளவென்று இருக்கும். ஒயரின் முனையில் திம்பிளும் (ஒயர் வளையத்துக்குள் இருக்கும் உலோகக் கண்ணி) தாமிர ஸ்லீவும் சேரும் இடத்தில் உறையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். பழுப்பு நிறக் கறையோ, ஓர் இழை முறிந்து முள் மாதிரி குத்துவதோ இருந்தால் முடிந்தது. மடிப்பு விழுந்த ஒயரும் செத்த ஒயர்தான், நேராக்கினாலும்.

கீழ்ப் பக்கத்து ஒயர்களை வருடா வருடம் மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. உங்களுடையது எத்தனை வருடமாக மாறவில்லை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் காற்றில் தொங்கும்போது சிறகு மேலே மடங்காமல் கீழே இழுத்துப் பிடிப்பது அந்த இரண்டு ஒயர்கள்தான். இரண்டரை மில்லிமீட்டர்கூட இருக்காது தடிமன். புதிதாக இருக்கும்போது அது சுமார் 400 கிலோ தாங்கும்.

கடை ஒயர் வேண்டாம். ஒயர் கிடைத்துவிடும், முனையில் ஸ்லீவ் அமுக்கும் கருவியும் அளவு பார்க்கும் கேஜும் கிடைக்காது. பிளையர் வைத்து நசுக்கினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், சுமை வந்தால் வழுக்கும். நீளத்தில் இடது வலது ஒரு சில மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலும் கிளைடர் வளையும். தயாரிப்பாளரிடமே மாடலையும் சைஸையும் சொல்லி வரவழையுங்கள். போல்ட்டும் அப்படியே, விமானத் தர போல்ட். லாக்நட்டை மறுபடி மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

பறப்பதற்கு முன்பு ஒவ்வொரு முறையும் பக்கத்து ஒயரை மிதித்துப் பார்ப்பது ஒரு பழக்கம். முன்விளிம்பை ஒரு கையால் மேலே தள்ளிக்கொண்டு ஒயரின் மேல் காலை வைத்து முப்பது முப்பத்தைந்து கிலோ அழுத்தம் கொடுக்க வேண்டும். முன்பொரு நாள் என் நண்பர் ஒருவருக்கு ஒயர் அப்படித் தரையிலேயே அறுந்தது. அவர் கொஞ்ச நேரம் புல்லில் உட்கார்ந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் மடித்து காரில் ஏற்றினார்.

தேவனாம்பட்டினத்தான் எழுதியது:

ஐயா, நடுவில் ஒரு கேள்வி. இந்த முக்கோணக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பறக்கும் ஏற்பாடு யார் கண்டுபிடித்தது? வெள்ளைக்காரன் போருக்குச் செய்ததா?

பழம்பறவை எழுதியது:

சிறகு அமெரிக்காவில். பிரான்சிஸ் ரொகல்லோ என்ற பொறியாளர் 1948இல் தன் மனைவியோடு சேர்ந்து சமையலறைத் திரைச்சீலையில் மாதிரி செய்து பார்த்தார். பின்னால் நாசா அதை விண்கலத்தைத் தரையிறக்கப் பயன்படுத்தலாமா என்று சோதித்தது, கடைசியில் பாராசூட்டே போதும் என்று விட்டுவிட்டது. மனிதன் கீழே தொங்கி, முக்கோணத்தைத் தள்ளி இழுத்து ஓட்டும் அமைப்பை 1963இல் ஆஸ்திரேலியாவில் கிராப்டன் ஊரைச் சேர்ந்த ஜான் டிக்கென்சன் செய்தார். உங்களுக்குப் பிடிக்கும் பாருங்கள்: அவர் முதலில் சிறகுக்குப் போட்டது வாழைத்தாரை மூடும் பிளாஸ்டிக். மோட்டார் படகுக்குப் பின்னால் கட்டி ஆற்றில் இழுத்தார்கள்.

வெல்டர்_செம்மண்டலம் எழுதியது:

வாழைத்தார் பையில் பறந்திருக்கிறான். நாங்கள் அதில் வாழைத்தாரையே ஒழுங்காக மூடுவதில்லை.

விதிமுறை_கணேசு எழுதியது:

பேச்சு நன்றாகப் போகிறது, ஒரு வார்த்தை. புதுச்சேரி விமான நிலையம் லாஸ்பேட்டையில் இருக்கிறது, முத்தியால்பேட்டை அதற்குப் பக்கத்திலேயே. ஊருக்குள் எங்கேயும் எவ்வளவு தாழ்வாகவும் பறக்க நினைக்காதீர்கள். ஹேங் கிளைடர் டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின், பார்வைக்குள் வரும் ஒன்று. டெல்லியில் குடியரசு தினம், சுதந்திர தினம் வந்தால் டிரோன், பாராகிளைடர், ஹேங் கிளைடர் எல்லாவற்றையும் ஒரே உத்தரவில் தடை செய்வார்கள். இங்கேயும் பெரிய தலைவர்கள் வந்தால் உள்ளூர்க் காவல்துறை எதையும் பறக்கவிடாது. எழுத்தில் அனுமதி இல்லாமல் கடற்கரையில் சிறகை விரித்தால், பறக்காவிட்டாலும் ஸ்டேஷனில் உட்கார வேண்டிவரும்.

காத்தாடி77 எழுதியது:

புரிந்தது. லாஸ்பேட்டை பக்கம் தலைகூட வைக்கமாட்டேன். தரையில் பழக மட்டும் கடலூர் கேப்பர் மலைச் சரிவு சரிப்படுமா? இல்லை, கடற்கரை மணல்மேடு?

பழம்பறவை எழுதியது:

கேப்பர் மலையில் மத்தியச் சிறை இருக்கிறது தம்பி. சிறைக்கு மேலே இறக்கை கட்டிக்கொண்டு போனால் உள்ளேயே இறங்கிவிடலாம், அப்புறம் வெளியே வர நாளாகும்.

நம் கரை பறப்பதற்கு ஏற்றதில்லை, இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். கடற்காற்று நன்றாக வருகிறது, ஆனால் அதை மேலே தூக்கிவிடக் குன்று வேண்டும். ஸ்டான்வெல் பார்க்கில் கடலை ஒட்டி மலை, காற்று மோதி மேலே ஏறும், அதில் மணிக்கணக்கில் மிதக்கலாம். இங்கே அதே காற்று தட்டையாக வந்து தட்டையாகவே போகிறது. பழைய ஒற்றைப் பரப்பு கிளைடர் ஒரு மீட்டர் இறங்க ஏழெட்டு மீட்டர் முன்னால் போகும். இருபதடி மணல்மேட்டிலிருந்து குதித்தால் எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். செஞ்சியில் குன்று உண்டு, ஆனால் முழுக்கப் பாறையும் முள்ளும், இறங்க நல்ல இடம் தேட வேண்டும். பிரெஞ்சுக்காரர் இரண்டு மூன்று முறையோடு நிறுத்தியதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

தேவனாம்பட்டினத்தான் எழுதியது:

காற்று பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன். சித்திரை வைகாசியில் கச்சான், அதாவது மேற்குக் காற்று, பலமாக அடிக்கும் நாளில் கடற்காற்று மதியம் இரண்டு மணி வரை உள்ளே வரமாட்டான். கச்சான் ஓய்ந்து கடற்காற்று திரும்பும் அந்த அரை மணி நேரம் காற்று எந்தப் பக்கம் என்றே தெரியாது, பாய் இரண்டு பக்கமும் அடிக்கும். கரையில் சுழல் மண் எழும்பும். ஐப்பசி கார்த்திகையில் வாடை, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். தரையில் சிறகைப் பிடித்துப் பழகுவதானால் மாசி பங்குனி காலையில் வாருங்கள், தெற்கிலிருந்து சோழகம் மெல்ல வரும், நிதானமான காற்று. மணல் மட்டும் எல்லாவற்றிலும் புகும்.

பழம்பறவை எழுதியது:

அந்த மணல்தான் கடலோரக் கிளைடருக்கு எமன். கேபிள் முனை, பேட்டன் நுனி, ஜிப் எல்லாவற்றிலும் உட்கார்ந்து அரைக்கும். கிரீஸ் போட்டால் இன்னும் மோசம், மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு சாணைக்கல் ஆகிவிடும். கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். கடலில் விழுந்தால் கதையே வேறு. துணியை முழுக்கக் கழற்றி, குழாய்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளேயும் தண்ணீர் விட்டு, சில மணி நேரத்துக்குள் செய்து முடிக்க வேண்டும். எஃகு போல்ட்டும் அலுமினியக் குழாயும் உப்புத் தண்ணீரில் ஒட்டி நின்றால் அலுமினியம் தன்னைத்தானே கொடுத்து எஃகைக் காப்பாற்றும். ரொம்ப நல்ல குணம், நமக்குத்தான் உதவாது.

காத்தாடி தம்பி, ஒன்று கேட்க மறந்தே போனேன். உங்கள் எடை என்ன? கிளைடரின் பரப்பு எவ்வளவு என்று துணியில் எழுதியிருக்கிறதா?

காத்தாடி77 எழுதியது:

என் எடை 88 கிலோ. துணியில் 140 என்று இருக்கிறது.

பழம்பறவை எழுதியது:

சதுர அடி. அடடா. இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும், இவ்வளவு எழுதிய பிறகு கேட்கிறேன், மன்னிக்கவும். ஒவ்வொரு கிளைடருக்கும் தொங்கும் எடைக்கு ஒரு வரம்பு உண்டு. 140 என்பது பெரும்பாலும் ஒல்லியானவர்களுக்கான சைஸ். பயிற்சிக்குப் பெயர்போன பால்கன் என்ற கிளைடர் 1994இல் வந்தது, அந்த வரிசையில் 145, 170, 195, 225 என்று சைஸ்கள் வந்திருக்கின்றன. ஹார்னஸோடு சேர்த்து நீங்கள் நூறு கிலோ. உங்களுக்கு 195க்குக் குறைந்து யாரும் கொடுக்கமாட்டார்கள். சின்னச் சிறகில் பெரிய ஆள் ஏறினால் தரையிறங்கும் வேகம் கூடும், புதியவருக்குக் கூடவே கூடாதது அதுதான்.

பாராகாரன் எழுதியது:

நான் முதல் பதிவிலேயே சொன்னேன் என்று சொல்லமாட்டேன்.

காத்தாடி77 எழுதியது:

சொல்லிவிட்டீர்கள் அண்ணே.

எடை விஷயம் கொஞ்சம் இடித்தது. ஆனாலும் வாங்கியாகிவிட்டது, முழுசாகப் பிரித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு. வெல்டர் அண்ணன் ஷெட்டில் இடம் கொடுத்தார். போன ஞாயிறு அவரும் நானும் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து மாலை வரை. பழம்பறவை ஐயா போனில் இருந்தார். நடந்ததை எழுதுகிறேன்.

துணியைக் கழற்றினோம். மூக்கிலிருந்து பின்னால் வரை நடுவில் போகும் கீல் குழாயின் பின் முனைக்குள் அணில் கூடு, தேங்காய் நார், யாரோ ஒருவருடைய சாக்ஸ். அதைப் பார்த்ததும் சிரித்தோம். முன்விளிம்புக் குழாய்கள் இரண்டும் சுத்தம், நூல் பிடித்துப் பார்த்தோம், நேர். வெல்டர் அண்ணன் 'உன் கிளைடர் பிழைத்தது' என்று டீ சொல்லி அனுப்பினார்.

டீக்கு அப்புறம் கிராஸ்பார். நடுவில் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் உள்ளே ஸ்லீவ் இருக்கிறது. போல்ட் வரமாட்டேன் என்றது. தட்டித் தட்டி எடுத்தால், போல்ட்டோடு வெள்ளை மாவு கொட்டியது. கோலமாவு மாதிரி. டார்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டையைச் சுற்றி உலோகம் அடுக்கடுக்காகப் பெயர்ந்திருக்கிறது. விரல் நகத்தால் சுரண்டினால் வருகிறது. வெளியே ஆனோடைஸ் பூச்சு அப்படியே பளபளக்கிறது.

வெல்டர்_செம்மண்டலம் எழுதியது:

நான் கண்ணால் பார்த்தேன். இதற்கு வெல்டிங் வைக்கலாம் என்று முதல் நாள் எழுதியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு பொருளுக்கு மழை மட்டும் பட்டு இப்படி ஆகாது. சிப்காட்டில் கடல்நீர் பம்பு பக்கத்தில் இருந்த பைப்பில்தான் இப்படிப் பார்த்திருக்கிறேன்.

பழம்பறவை எழுதியது:

வெல்டர் சொன்னதுதான் எனக்கும் தோன்றுகிறது. கொட்டகை ஈரத்தில் இவ்வளவு வராது. அது எப்போதோ கடலைப் பார்த்திருக்கிறது. பிரெஞ்சுக்காரரைத் தொடர்புகொள்ள வழி உண்டா?

காத்தாடி77 எழுதியது:

மெயில் முகவரி வாங்கி எழுதினேன். நான்கு நாளில் பதில் வந்தது, ரொம்ப அன்பான மனிதர். கிளைடர் உயிரோடு இருக்கிறதா என்று சந்தோஷப்பட்டார். இந்தியாவுக்குக் கொண்டுவருவதற்கு முன்னால், அவர் ஊரில் மத்தியதரைக்கடல் ஓரமாகப் பறந்தபோது கரைக்குப் பத்து மீட்டர் முன்னால் தண்ணீரில் இறங்கிவிட்டாராம். கழுவினீர்களா என்று கேட்டேன். கழுவினேன் என்றார். குழாயைப் பிரித்தா என்று கேட்டேன். அதற்கு இன்றைக்கு ஒரு வரி வந்திருக்கிறது: 'தோட்டத்துக் குழாயால், வெளியே.'

நெல்லித்தோப்பு_தையல் எழுதியது:

பாவம். அவரும் இதிலேதான் செஞ்சியில் பறந்திருக்கிறார்.

பழம்பறவை எழுதியது:

அதைத்தான் நானும் நினைத்தேன். அப்போது அரிப்பு ஆரம்பத்தில் இருந்திருக்கும், அவர் எடையும் குறைவாக இருந்திருக்கும். அவர் இரண்டு மூன்று முறையோடு நிறுத்தியது இப்போது நல்லதாகப் படுகிறது.

பாராசூட்டையும் நம்பாதீர்கள். மடித்து இருபது வருடம் ஆகியிருந்தால் ரப்பர் பேண்டுகள் துணியோடு ஒட்டியிருக்கும். ஹார்னஸைக் கிளைடரில் தொங்கவிடும் ஹேங் லூப் பட்டையையும் வெட்டிப் போட்டுவிடுங்கள், வைத்திருந்தால் என்றாவது ஒருநாள் யாராவது பயன்படுத்துவார்கள். வெட்டுங்கள்.

பாராகாரன் எழுதியது:

காத்தாடி, இனி என்ன செய்வதாக உத்தேசம்? கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிறேன். எனக்கும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

காத்தாடி77 எழுதியது:

புது கிராஸ்பார் வரவழைத்து, ஒயர் மாற்றி, துணியை அக்காவிடம் கொடுத்து எல்லாம் செய்தாலும் எனக்குச் சைஸ் பொருந்தாது. அந்தப் பணத்தில் ஒரு நல்ல பயிற்சிக்குப் போய்விடலாம். அடுத்த குளிர்காலத்துக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மகாராஷ்டிரா பக்கம் விசாரிக்கிறேன். பாராகிளைடரா ஹேங் கிளைடரா என்று அங்கே போய் முடிவு செய்வேன், இங்கே சொன்னால் மறுபடி சண்டை வரும்.

இந்தக் கிளைடரைத் தூக்கிப் போடவில்லை. பழம்பறவை ஐயா ஒரு யோசனை சொன்னார். ஏ பிரேமை, அதாவது அந்த முக்கோணக் கம்பியை, வெல்டர் அண்ணன் ஷெட் விட்டத்தில் கட்டி, ஹார்னஸுக்குப் புதுப் பட்டை போட்டு, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் தொங்கிப் பழகுவது. ஹார்னஸைக் கிளைடரோடு இணைக்கும் கேரபினர் கொக்கி மாட்டியாகிவிட்டதா என்று படுத்துப் பார்ப்பது, கம்பியை உள்ளே இழுத்தால் உடம்பு முன்னால் போய் மூக்கு இறங்கும், வெளியே தள்ளினால் மூக்கு ஏறும் என்று கைக்குப் பழக்குவது. மாட்டாமலே ஓடி விழுந்து செத்தவர்கள் உண்டு என்றும், அந்தச் சோதனை தூக்கத்திலும் கை தானாகச் செய்யும் அளவுக்கு வர வேண்டும் என்றும் சொல்கிறார்.

வெல்டர்_செம்மண்டலம் எழுதியது:

விட்டம் ஐ பீம், இரண்டு டன் தாங்கும். இதற்கு வெல்டிங் வைக்கலாம் அல்லவா ஐயா?

பழம்பறவை எழுதியது:

ஐ பீமுக்குத் தாராளமாக வையுங்கள் அண்ணே.

தேவனாம்பட்டினத்தான் எழுதியது:

துணியை என்ன செய்யப் போகிறீர்கள்? முன்விளிம்பை வெட்டிவிட்டு மிச்சத்தை எனக்குக் கொடுத்தால் என் படகுக்கு வெயில் மறைப்பு ஆகும். தாத்தா பார்த்தால் சிரிப்பார், பறந்த பாய் மறுபடி கடலுக்கே வருகிறது என்று.

நெல்லித்தோப்பு_தையல் எழுதியது:

கொண்டு வாருங்கள், ஓரம் மடித்துக் கண்ணி போட்டுத் தருகிறேன். வெயில் தாங்கும் யூவி நூல் போடுகிறேன், வெள்ளை நூல் கேட்காதீர்கள்.

காத்தாடி77 எழுதியது:

துணி அண்ணனுக்கு. பேட்டன் ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன், வீட்டில் ஒட்டடை அடிக்க அம்மா ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மிச்ச சாமான்களோடு குட்டி யானை முத்தியால்பேட்டையிலிருந்து கிளம்புகிறது, கடலூர் வரை. யாரிடமாவது சிவப்புத் துணி இருக்கிறதா?